கானுக மானு தண்ணீர் குடித்த கிணறு

திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைப் பக்கம் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே யாராவது "மானு" என்றால் உடனே கொம்பையும் புள்ளியையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்துத் தெலுங்கில் மானு என்றால் மரம். கானுக மானு என்றால் புங்கமரம். கப்பலேறும் முன்பு இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வந்திருப்பேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலேயாவில், தைப்பிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். நாற்றங்காலில் வேலை. கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது, பிடுங்குவது, நடுவது, வெயிலில் வாடினால் திட்டுவது. எங்கள் ஊரில் மழை மத்தியானச் சாப்பாடு மாதிரி தவறாமல் வந்துவிடும். அங்கே பெரும்பாலான இலைகளுக்கு நுனியில் ஒரு வால் இருக்கும். மேலே விழும் தண்ணீரை வடித்துக் கீழே தள்ளுவதற்கு. தண்ணீரை எப்படி உதறுவது என்பதுதான் எங்கள் ஊர் மரத்தின் கவலை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருத்தி சித்திரை வெயிலில் திருத்தணியில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? கருவாடுதான்.

என் தங்கை கஸ்தூரி சின்ன வயதில் அப்பாவோடு இந்தியா வந்தவள், ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு என்னால் வர முடியவில்லை. அவளைப் பார்த்துப் பதினைந்து வருஷம் இருக்கும். எழுபதுகளின் நடுவில் ஒருவழியாக லீவும் தைரியமும் சேர்ந்து கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு அவள் புருஷன் ஏகாம்பரம் வந்திருந்தார். மெலிந்த, வெட்கப்படுகிற மனிதர். என்னை "வதினா" என்று கூப்பிட்டார். நான் திருதிருவென்று முழிக்க, "அண்ணின்னு அர்த்தம்ங்க. எங்க வூட்ல ரெண்டு பாஷையும் கலந்துகினுதான் ஓடும்" என்றார். எவ்வளவு கலந்து ஓடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வந்த காலோடு மலை ஏறினோம். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறியவள் என்று ஜம்பமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் ஜம்பம் வியர்வையாக வழிந்துவிட்டது. படியோரத்து வேப்பமரம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. பங்குனியில் பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டு, அந்தக் கொளுத்தும் வெயிலில் புதுத் தளிர் விட்டிருக்கிறது. கீழே எங்கோ ஆழத்தில் வேருக்குத் தண்ணீர் கிடைக்காமல் இந்தப் பகட்டு சாத்தியமில்லை. என்னிடம் அப்படி வேர் கிடையாது, ஒரு ஃபிளாஸ்க்தான் இருந்தது.

சாமி தரிசனம் ஆனது. வள்ளி சந்நிதியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன். மான் வயிற்றில் பிறந்தவள் மலைக்குறத்தியாக வளர்ந்து முருகனையே அலைய விட்டாளே என்று எனக்கு அவள்மேல் எப்போதும் ஒரு மரியாதை. இறங்கி வந்து கடைத்தெருவில் நன்னாரி சர்பத் குடித்தோம். நிலத்துத் தண்ணீரை உறிஞ்சிப் பிழைக்கிற ஒரு வேரைப் பிடுங்கிக் காய்ச்சி, நம் தாகத்துக்கு அதையே குடிக்கிறோம். பழிக்குப் பழி. இரண்டாவது டம்ளர் கேட்டேன்.

அப்போதுதான் ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வதினா, வூட்டுக்குப் போவசொல்ல எங்க அண்ணன் கோவமா இருந்தாருன்னா ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. நம்ம கெணத்துல கானுக மானு ஒண்ணு தண்ணி குடிச்சிகினு கீது. ராவு பகல்னு இல்ல. கெணறே வத்திப் பூட்சி. வெட்டிப்புடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"கானக மானா?"

"ஆங், கானுக மானு."

சர்பத் எனக்குப் புரையேறியது. காட்டு மான்! வள்ளி மலையடிவாரத்தில், தாகத்துக்குக் கிணற்றடிக்கு வருகிற மான்! அதை வெட்டுவார்களாமே! உடனே கீரைக்காரியிடம் போய் அகத்திக்கீரை இரண்டு கட்டு வாங்கினேன். எதற்கு என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. கடல் தாண்டி வந்தவளுக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும் என்று விட்டிருப்பார்.

கீரையை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வேரை விட்டுப் பிரிந்து வந்தாலும் இலைக்குப் பழைய பழக்கம் போகாது. கைவசம் இருக்கிற தண்ணீரைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும், சம்பாத்தியம் நின்ற பிறகும் செலவை நிறுத்தாத மனுஷன் மாதிரி. ஈரத் துணி போட்டால்தான் கொஞ்சம் அடங்கும். நாற்றங்கால் புத்தி.

பஸ் கிளம்பியது. தகரத்தால் செய்த அடுப்பு என்றால் சரியாக இருக்கும். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன். "சம்பந்தி வூட்ல சோறு போட்டாங்களாம், தண்ணி மட்டும் அர டம்ளர்தான் குடுத்தாங்களாம். அப்பிடிப்பட்ட எடத்துல இன்னாத்துக்குப் பொண்ணு எடுத்தோம்னு பொலம்பறாங்க" என்றார். அப்போது சிரித்தேன். அதே அரை டம்ளர் அன்று ராத்திரி எனக்கு வந்தது.

பாதி வழியில் பஸ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். கண்டக்டர் ஒரு வாளியோடு இறங்கி நாலா பக்கமும் பார்த்தார். வாய்க்காலில் மண்தான் ஓடியது. கடைசியில் எல்லார் கண்ணும் என் ஃபிளாஸ்க் மேல் நின்றது. கொடுத்தேன், வேறு வழி? பினாங்கில் வாங்கிய ஃபிளாஸ்கிலிருந்து அந்த பஸ் மடக் மடக்கென்று குடித்த அழகை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

ரேடியேட்டர் ஆறும்வரை ரோட்டோரத்துச் சவுக்குத் தோப்பில் ஒதுங்கினோம். சவுக்கு எனக்குப் பிடித்த மரம். பார்க்க ஊசி ஊசியாக இலை மாதிரி இருக்கும், ஆனால் அது இலையில்லை, பச்சைக் குச்சி. நிஜமான இலை அந்தக் குச்சியின் கணுவைச் சுற்றிப் பொடிப் பல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். அகலமாக இலையை விரித்து வைத்தால் வெயில் உறிஞ்சிவிடும் என்று இப்படி ஒரு கஞ்சத்தனம். கண்டக்டர் ஒரு ஊசியை எடுத்துக் கணுவில் பிட்டு, திரும்பச் செருகி, "எங்க பிச்சேன், சொல்லுங்க பாக்கலாம்?" என்று என்னிடம் நீட்டினார். தைப்பிங்கில் நாங்களும் இதையே விளையாடியிருக்கிறோம். மூன்று தடவை தோற்றேன்.

வீடு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கஸ்தூரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கறுத்திருந்தாள், கை காய்ப்பேறி இருந்தது, பேச்சில் பாதி எனக்குப் புரியாத ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. அழுவோமா சிரிப்போமா என்று இருவரும் யோசிப்பதற்குள் பின்பக்கத்தில் கூச்சல்.

பின்கட்டுக்கு அப்பால் பொதுக் கிணறு, பக்கத்தில் பெரிய புங்கமரம். மரத்தடியில் தெரு ஆண்கள் கூடியிருந்தார்கள். நடுவில் ஏகாம்பரத்தின் அண்ணன் முனுசாமி, மீசையும் குரலும் கொண்டவர். அந்த வீட்டு வழக்கப்படி தம்பி பெண்டாட்டி மூத்தவர் எதிரில் வாய் திறக்கக் கூடாது. கஸ்தூரி அவரைப் "பாவா" என்று சொல்வதுகூடக் கதவுக்குப் பின்னாலிருந்துதான். எனக்கு அந்தக் கட்டுப்பாடு ஏது? நேரே போய், உட்கார வாகாக மண்ணுக்கு மேலே புடைத்திருந்த ஒரு தடித்த வேரின்மேல் உட்கார்ந்துகொண்டேன். எதன்மேல் உட்கார்ந்து எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"மானு குடிச்சது போவ நம்ம கொடத்துக்கு சேறுதான் மிச்சம்" என்றார் முனுசாமி. "நாளைக்கு ஆள் வரான். வெட்டிடலாம்."

கதவுக்குப் பின்னால் கஸ்தூரி யாரிடமோ, "மானு பூட்சின்னா பாவு பூட்சி" என்றாள். என் காதில் "பாவம்" என்று விழுந்தது. தங்கையாவது என் கட்சி என்று எழுந்தேன்.

"வெட்டுவீங்களா? வாயில்லா ஜீவனை வெட்டுவீங்களா? தாகத்துக்குத் தண்ணி தேடி வந்தது ஒரு குத்தமா?"

நான் விடவில்லை.

"முருகன் மலைக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு இதை வெட்டறோம்னு சொல்ல எப்படி நாக்கு வருது? வள்ளிக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

புங்கமரத்துக்கும் வள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர் வீட்டுக்காரர் ஒருவர்தான் மெதுவாக, "வள்ளிகிட்ட முருகரு வேங்கயா நின்னாரு இல்ல... அத்த சொல்றாங்க" என்றார். "ஆங்!" என்று நாலைந்து தலைகள் ஆடின. வேங்கை என்றதும் நான் வேட்டை, புலி, மான் என்று என் போக்கில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். முருகன் வேங்கை மரமாக நின்ற கதை அப்போது யார் ஞாபகத்துக்கு வந்தது?

"அப்ப தண்ணிக்கு நாங்க இன்னா பண்றதும்மா?" என்றார் முனுசாமி, குரல் கொஞ்சம் இறங்கி.

"அது ஏன் கிணத்துக்கு வருது? வேற எங்கயும் தண்ணி இல்ல, வருது. கிணத்துக்கு அந்தாண்டை ஒரு பள்ளம் வெட்டுங்க. குளிக்கிற தண்ணி, அரிசி கழுவற தண்ணி எல்லாத்தையும் அதுல விடுங்க. அங்கேயே குடிச்சுக்கும், கிணத்துப் பக்கம் எட்டியே பார்க்காது."

"அது அங்க போவுமா?"

"தண்ணி எங்க இருக்கோ மோப்பம் பிடிச்சிப் போகும். அதோட புத்தி அதுதானே?"

முனுசாமி மீசையைத் தடவினார். "மலேயாம்மா இதே வேலை செய்றவங்கன்னு தம்பி சொல்லிச்சி. சரி. அமாவாசை வரைக்கும் பாப்பம். அன்னிக்குக் கொடத்துல சேறு வந்துச்சுன்னா, நானே வெட்டறேன்."

மான் மேய்க்கிற வேலை என்று ஏகாம்பரம் எப்போது சொன்னார் என்று லேசாக ஒரு குழப்பம் வந்தது. வெற்றிக் களிப்பில் விட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் புளிச்சகீரையும். அந்தக் காரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும், பக்கத்தில் அரை டம்ளர் வைத்திருந்தார்கள். கண்ணில் வந்த தண்ணீரோடு சாப்பிட்டேன். ருசி மட்டும் அபாரம்.

விடியும் முன்பே கீரைக் கட்டோடு கிணற்றடிக்குப் போனேன். அங்கே மானில்லை. புங்கமரத்தடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வெள்ளை நூல் நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. கஸ்தூரியும் தெருப் பெண்கள் சிலரும் அதற்குக் கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் நீவிக்கொண்டே நடந்தார்கள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல் அது. அதற்குப் பெயர்தான் பாவு.

"மான் வந்துச்சா?" என்று ஏகாம்பரத்திடம் ரகசியமாகக் கேட்டேன்.

"தோ, பாருங்களேன்" என்று கிணற்றுக்குள் காட்டினார். கற்சுவரின் இடுக்கிலிருந்து செம்பட்டைத் தாடி மாதிரி கொத்தாக வேர் தொங்கிக்கொண்டிருந்தது. நுனி தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் என்றா சொன்னேன்? குழம்பு. பிறகு ஏகாம்பரம் புங்கமரத்தின் அடிமரத்தைத் தட்டி, "இந்த மானுதான் வதினா. நேத்து நல்லா பேசினீங்க. வேருக்கு மோப்பம் கீதுன்னு தெரு பூரா அதே பேச்சு" என்றார்.

என் காது மடல் சூடானது எனக்கே தெரிந்தது. "ஆங்" என்றேன். அந்த ஊருக்கு வந்து நான் பேசிய முதல் உள்ளூர்ச் சொல் அதுதான். "கீரை இன்னாத்துக்குக்கா?" என்று பாவிலிருந்து தலை நிமிர்ந்தாள் கஸ்தூரி. "சமைக்க" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மத்தியானம் இலையில் அகத்திக்கீரைப் பொரியல் வந்தது.

பாவு போடுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெயில் ஏற ஏற மரத்துக்கு வெளியே அனல், உள்ளே மட்டும் குளுகுளு. நிழல் பாதிதான் காரணம். வேர் இழுத்த தண்ணீரை இலைகள் ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பது மீதி. அந்த ஈரக் காற்றில்தான் கஞ்சி போட்ட நூல் பதமாகக் காய்கிறது. வெட்டவெளியில் போட்டால் முறுக்காகக் காய்ந்து பட்பட்டென்று அறும். கிணற்றுத் தண்ணீரைக் குடித்து மரம் விடுகிற மூச்சில்தான் தெருவே நெய்து சாப்பிடுகிறது. "மானு பூட்சின்னா பாவு பூட்சி" என்று கஸ்தூரி சொன்னது அதைத்தான். மானை நம்பி நான் சொன்ன யோசனையில் இப்போது இத்தனை பேர் பிழைப்பு தொங்கியது. அமாவாசைக்கோ அதிக நாளில்லை.

மானுக்குக் கால் இருக்கிறது, பள்ளத்துக்கு நடந்து போகும். மரம் எப்படிப் போகும்? வேர் போகும், ஆனால் அதன் அவசரத்தில், நம் அவசரத்தில் அல்ல. நாற்றங்கால் பாடமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டேன். ஏகாம்பரம் அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் வெட்டப் போனார், தடுத்தேன். தண்ணீர் குடிக்கிற பொடி வேர்கள் அடியில் இருக்காது, கிளை நுனி எங்கே முடிகிறதோ அதற்கு நேர் கீழே இருக்கும். அங்கே வெட்டச் சொன்னேன். கிணற்றுக்குள் தொங்கிய கொத்தை அறுக்க வேண்டும், ஆனால் வேரை மட்டும் அறுத்தால் மேலே இலை தவித்துப்போகும். ரப்பர் கன்றைப் பிடுங்கி நடும்போது இலையையெல்லாம் கழித்துவிட்டுத்தான் நடுவோம். அதனால் பாவுக்கு நிழல் தராத கிணற்றுப் பக்கத்துக் கிளைகளைக் கழிக்கச் சொன்னேன்.

வேரறுக்க முனுசாமியே கயிறு கட்டி இறங்கினார். உள்ளேயிருந்து அவர் திட்டுகிற திட்டு கிணறே பேசுகிற மாதிரி மேலே வந்தது. ஒரு கூடை நிறைய வேரோடு ஏறி வந்தார், சேறு பூசிய மீசையோடு. நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் தெருவில் ஒரு சொட்டு வீணாகவில்லை. அரிசி கழுவிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பள்ளத்துக்குப் போனார்கள். "மானுக்கு ஊத்திட்டு வரேன்" என்று எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் புள்ளியும் கொம்பும் தெரிந்தன.

அமாவாசை காலையில் கிணற்றைச் சுற்றி ஒரு கூட்டம். ராட்டினம் கிறீச்சிட்டது. முனுசாமி குடத்தை மேலே இழுத்து, கவிழ்த்துக் கையில் கொஞ்சம் வாங்கிப் பார்த்தார். கதவோரத்தில் கஸ்தூரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கலங்கல்தான்" என்றார். "சேறு இல்ல."

அவ்வளவுதான் தீர்ப்பு. அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேரறுத்ததால் தண்ணீர் தெளிந்ததா, மரம் போய்விடுமோ என்று பயந்து தெருவே அளந்து இறைத்ததால் தெளிந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். பள்ளத்தைத் தேடி வேர் வர இன்னும் நாளாகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதுவரை பானைத் தண்ணீரை அவர்கள் அதில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் புறப்பட்ட நாள் கஸ்தூரி மட்டும் பஸ் நிறுத்தம்வரை வந்தாள். ஃபிளாஸ்கில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வெட்டிவேர் ஒரு துண்டு போட்டுக் கொடுத்தாள். நிறைய நிரப்பியிருந்தாள், கழுத்துவரை. பஸ் இன்னும் வரவில்லை.

"அக்கா, அந்தக் கீரை எதுக்கு வாங்கினே?"

"அதான் சொன்னேனே, சமைக்க."

"மானுக்குதானே?"

நான் ஃபிளாஸ்க் மூடியை இன்னொரு தரம் திருகினேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கூட்டத்துல நீ வள்ளின்னு ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சிக்கா. சொல்லிட்டா நீ வாய மூடிக்குவே, மானு பூடும். அதான் கம்முனு இருந்தேன்."

"அடிப்பாவி! எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது.

"கல்யாணமாகி வந்த புதுசுல நானுந்தான் வாங்கினேன். கெணத்தாண்ட மானு கீது மானு கீதுன்னு பேசிக்கினாங்க. சின்ன வயசுல தோட்டத்துல பாத்த மான் மாதிரி நம்ம ஊரு ஆளு ஒண்ணு இருக்குன்னு நெனச்சி, கீரையோட மூணு நாளு விடிகாலைல போயி ஒக்காந்தேன்க்கா. அப்புறம் புரிஞ்சிது. யாருகிட்டயும் சொல்லல. அன்னிக்குக் கூடச் சேந்து சிரிக்க ஆளில்ல."

பஸ் வந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், இருவரும் சிரித்தோம், கண்டக்டர் விசில் ஊதி ஊதி அலுத்துப் போகும்வரை, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தோம். "ஏம்மா, ஏறுறியா இல்லியா?" என்று அவர் கத்தினார். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.